வழி தேரும் வாசகன்

கதை கேட்பவனுக்குக் கதையின்மீது அதிகாரம் இல்லை என்பது உலக இலக்கியத்தின் பொது விதி. சொல்பவன் அழைத்துச் செல்லும் வழியிலேயே அவன் செல்லவேண்டும். வீரன் தவறான கதவைத் திறக்கப்போகிறான் என்று உணர்ந்தாலும், ஐயோவென்று பதறலாமே தவிரக் கையைப் பிடித்துத் தடுக்க இயலாது. இவ்விதியை மீறி, 'கதவைத் திறப்பதா, திரும்பி நடப்பதா? நீயே முடிவு செய்' என்று வாசகனையே கேட்கும் நூல்கள் ஆங்கிலத்தில் தோன்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. அவை இன்று கணினிக்கும் கைபேசிக்கும் குடிபெயர்ந்துவிட்டன. நம் பிள்ளைகள் கைபேசியில் கதை படிக்கிறார்களா, விளையாடுகிறார்களா என்று நமக்கே விளங்காத நிலை ஏற்பட்டதற்கு இந்நூல்களும் ஒரு காரணம்.

பகடை வருகிறது, மந்திரம் வருகிறது என்பதால் இவற்றைத் தொடவே தயங்கும் பெற்றோர் உளர். அத்தயக்கத்தை நாம் மதிக்கிறோம். எனினும் மார்க்கத் தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தாளிலிருந்து திரைக்குப் பெயர்ந்தபோது இக்கதைகள் பெற்றதென்ன, இழந்ததென்ன என்பதை இலக்கியக் கண்கொண்டு நோக்குவதே நம் நோக்கம்.

நூலின் அமைப்பு

1979-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்ட் பாக்கர்டு எழுதிய 'தி கேவ் ஆஃப் டைம்' என்னும் நூலோடு 'சூஸ் யுவர் ஓன் அட்வெஞ்சர்' வரிசை தொடங்கியது. அதில் வாசகனுக்குத் தேர்வு மட்டுமே உண்டு, கணக்கு இல்லை. 1982-இல் பிரிட்டனில் பஃபின் பதிப்பகம் வெளியிட்ட 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' தேர்வோடு கணக்கையும் சேர்த்தது. ஸ்டீவ் ஜாக்ஸன், இயன் லிவிங்ஸ்டன் ஆகிய இருவர் இயற்றிய அந்நூலில் எண்ணிட்ட 400 பிரிவுகள் உள்ளன. வாசகன் பகடை உருட்டித் தன் போர்த்திறனையும் உடல்வலுவையும் நற்பேற்றையும் எண்களாகக் குறித்துக்கொள்கிறான். எதிரியைச் சந்திக்கும்போது இருவருக்கும் இரண்டிரண்டு பகடைகளை உருட்டி, திறனோடு கூட்டி, குறைந்தவரின் உடல்வலுவில் இரண்டைக் கழிக்கிறான். முடிவில் ஒரு பேழை. வழியில் திரட்டிய சாவிகளில் பொறித்திருக்கும் எண்களைக் கூட்டி, கூட்டுத்தொகை காட்டும் பிரிவுக்குச் சென்றால்தான் பேழை திறக்கும். சரியான சாவிகளைத் தேடாமல் வந்தவன் வாசல்வரை வந்தும் வெறுங்கையோடு திரும்பவேண்டியதே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். பகடையில் ஒன்று விழுந்ததா, ஆறு விழுந்ததா என்று நூலுக்குத் தெரியாது. உடல்வலு தீர்ந்து மாண்டுபோனவன் பிழைத்ததாகப் பாவித்து அடுத்த பிரிவுக்குச் சென்றாலும் தடுப்பார் இல்லை. முந்தைய பக்கத்தில் ஒரு விரலை நுழைத்து வைத்துக்கொண்டு, முடிவு கெட்டதாயின் திரும்பி வருவது இந்நூல்களைப் படித்த சிறுவரிடையே பரவலான வழக்கம். ஆக, நூலாசிரியன் கணக்கு முழுவதையும் வாசகனிடம் அமானிதமாக ஒப்படைத்துவிட்டான். யாரும் காணாத அறையில் தனக்கெதிராகத் தானே உண்மையாகக் கணக்கு எழுதும் பயிற்சி அது. பேழையைவிட இதுவே இந்நூல்களின் பெரும் செல்வம் என்பது நம் துணிபு.

மூவெழுத்து மந்திரங்கள்

இவ்வகையில் தலைசிறந்ததென நாம் கருதுவது ஸ்டீவ் ஜாக்ஸன் தனித்து இயற்றிய 'சோர்ஸரி' என்னும் நான்கு பகுதிப் படைப்பு. 1983-இல் தொடங்கி 1985-இல் நிறைவுற்றது. முதற்பகுதியில் 456 பிரிவுகள்; இறுதிப்பகுதியில் 800. களவுபோன மணிமுடி ஒன்றை மீட்கத் தனியாகப் புறப்படும் ஒருவரின் நெடும்பயணமே கதை. மலையடிவாரச் சிற்றூர்கள், பொறிகள் நிறைந்த காரே நகரம், பாழ்நிலம், பகைவனின் கோட்டை என்று வழி நீள்கிறது.

இதில் 48 மந்திரங்கள். ஒவ்வொன்றும் மூன்றே எழுத்து. மின்னலை ஏவ 'ஸாப்', தீக்கோளம் வீச 'ஹாட்', எதிரியைத் தடுமாறச் செய்ய 'டம்' என்றவாறு ஒலியே பொருளை நினைவூட்டும். மூவெழுத்து வேரிலிருந்து சொற்களஞ்சியம் முழுவதும் கிளைப்பதை அரபு இலக்கணத்தில் பயின்றவர்க்கு இவ்வமைப்பு தனியொரு சுவை தரும். சிலவற்றுக்குப் பொருளும் வேண்டும். எதிரியை ஆடவைக்கும் 'ஜிக்' மந்திரத்துக்கு மூங்கிற் குழல் கையிலிருக்க வேண்டும். பயணம் புறப்படுமுன் மந்திர ஏட்டை மனனம் செய்துகொள். புறப்பட்டபின் அதைத் திறவாதே என்பது ஆசிரியன் இடும் நிபந்தனை. நெருக்கடியில் சில மூவெழுத்துகள் முன்வைக்கப்படும். அவற்றுள் ஏட்டிலேயே இல்லாத போலிகளும் கலந்திருக்கும். நினைவு தவறியவன் போலியைத் தேர்ந்து உடல்வலுவை இழப்பான். மனனத்தின் அருமையை அறிந்த சமுதாயம் நம்முடையது. இந்நிபந்தனையின் மதிப்பை நமக்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை.

திரை தந்தவை

இப்படைப்பை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜான் இங்கோல்ட், ஜோஸஃப் ஹம்ஃப்ரி இருவரும் 2011-இல் தொடங்கிய இங்கிள் நிறுவனம் 2013 முதல் 2016 வரை நான்கு பகுதிகளாக மின்வடிவில் வெளியிட்டது. பெயர்ப்பு என்பதைவிட மறுபடைப்பு என்பதே பொருந்தும்.

முதலாவது, வரைபடம். நூலில் எண்ணுக்கு எண் தாவிய பயணம் இங்கே கண்முன் விரியும் நிலத்தில் நடக்கிறது. எந்த வழியை விட்டோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. விட்ட வழியின் ஏக்கமும் உடன் வருகிறது.

இரண்டாவது, நினைவு. அச்சு நூலால் வாசகன் முன்னர் செய்தவற்றுள் மிகச்சிலவற்றையே கருத்தில் கொள்ள முடியும். மின்வடிவிலோ, எந்த ஊரில் யாரிடம் பொய் சொன்னோம், யாருக்கு உதவினோம் என்பதைக் கதை மறப்பதில்லை. பல காதம் கடந்தபின் அதன் விளைவு வந்து நிற்கிறது. செய்த செயல் செய்தவனைத் தேடிவரும் என்னும் உண்மை அச்சில் இருந்ததைவிட இங்கு வலுவாக ஒலிக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

மூன்றாவது, போர். பகடைக் கூட்டல் நீங்கி, எவ்வளவு வலுவோடு தாக்குவது என்று நாமே அளக்கும் முறை வந்தது. எதிரியைப் பற்றி வரும் வருணனையைக் கூர்ந்து படிப்பவன் அவனுடைய அடுத்த அடியை ஊகிக்கலாம். அச்சில் எண்ணாகக் கழிந்த போர் இங்கே படிக்கவேண்டிய உரைநடையாயிற்று. படிப்புக்கு இதனினும் பெரிய பரிசு உண்டோ?

ஆஸ்திரேலியாவின் டின் மேன் கேம்ஸ் நிறுவனம் 2016-இல் 'ஃபயர்டாப் மவுண்டன்' நூலை வேறு முறையில் திரைக்குக் கொணர்ந்தது. சிறு பொம்மைகள் கட்டங்களில் நகர்ந்து போரிடுகின்றன. மூல நூலின் 'நீ' புதையல் ஆசையன்றி வேறு காரணமின்றி மலைக்குள் நுழைகிறான். இங்கோ பல வீரர்களுள் ஒருவரைத் தேரலாம், ஒவ்வொருவர்க்கும் தனித்தனி நோக்கம் உண்டு. இத்திருத்தம் போற்றத்தக்கது. ஆயினும் பொம்மையைப் பார்க்கும் கண் சொல்லைப் பார்ப்பது குறைகிறது. இங்கிளின் படைப்பே மேலானது என்பது நம் முடிவு.

திரை கொண்டுபோனவை

இனி இழப்பைக் காண்போம். திரையில் மந்திர ஏடு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வான்மீன்களிடையே அவ்விடத்துக்குரிய எழுத்துகள் மிதக்கின்றன. அவற்றைக் கூட்டிச் சொல்லாக்கவேண்டும். காட்சி அழகியதுதான். ஆனால் மனனம் தேடலாகச் சுருங்கிவிட்டது. போலிக்கு அஞ்சும் நடுக்கம் போயிற்று.

இதனினும் பெரிய மாற்றம், பின்னோக்கிச் செல்லும் வசதி. வரைபடத்தில் கடந்துவந்த இடத்தைத் தொட்டால் போதும். அங்கிருந்து மீண்டும் தொடங்கலாம். சிறுவனின் விரல் திருட்டுத்தனமாகச் செய்ததை மென்பொருள் சட்டமாக்கிவிட்டது. இது நேர்மையான ஏற்பாடு என்று சிலர் வாதிப்பர். எல்லோரும் செய்வதை ஒளிவின்றிச் செய்யட்டுமே என்பது அவர் கூற்று. அதில் நியாயம் இல்லாமலில்லை. மறுவழியையும் கண்டு ஒப்பிடுவோன் கதையின் கட்டுமானத்தை நன்கு உணர்வான். காரே நகரில் வாயிற்கதவு மந்திரத்தின் நான்கு வரிகளுள் ஒன்றைத் தவறவிட்டவன் நகரம் முழுவதையும் மீண்டும் சுற்றும் அலுப்பும் குறைகிறது.

ஆனால் நாம் கேட்பது வேறு. விரலை நுழைத்த சிறுவனுக்கு, தான் விதியை மீறுகிறோம் என்று தெரியும். அந்தச் சிறு குறுகுறுப்பே அவனுள் இருந்த நீதிபதி. திரையில் கணக்கை இயந்திரம் எழுதுகிறது. பகடையை இயந்திரம் உருட்டுகிறது. திரும்புவதற்கும் அதுவே அனுமதி தருகிறது. ஆகவே பொய்க்கணக்கு எழுத வாய்ப்பில்லை. பொய் சொல்ல வாய்ப்பில்லாதவனை மெய்யன் என்று எங்ஙனம் சொல்வது? அமானிதத்தை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டபின், அதைப் பேணினோம் என்ற பெருமைக்கும் இடமில்லை.

இக்குறையால் மின்வடிவை விலக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. செயலின் விளைவைக் காட்டுவதில் அது நூலை வென்றது. செய்பவனின் உள்ளத்தைச் சோதிப்பதில் நூலே வென்றது. ஆதலின் பிள்ளைக்குத் திரையைக் கொடுக்கும் குடும்பம் தாளையும் பென்சிலையும் உடன் கொடுக்கட்டும். பழைய நூல்கள் 2017 முதல் ஸ்காலஸ்டிக் பதிப்பகத்தின் வழியே மீண்டும் அச்சேறியுள்ளன. இரண்டையும் பயின்ற பிள்ளையிடம், 'எதில் திரும்பிச் சென்றாய், ஏன் சென்றாய்?' என்று கேட்டுப் பாருங்கள். வென்றாயா என்ற கேள்வியைவிட இக்கேள்விக்கு வரும் விடை, கதையைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் நமக்கு மிகுதியாகச் சொல்லும்.