37 மில்லிமீட்டர் குளிர்ச்சி
பையில் போட்டுத் தூக்கிச் செல்லும் சிறிய டெஸ்க்டாப்பைக் குளிர்விக்க எது நல்லது, தண்ணீரா காற்றா? என் ஓட்டு காற்றுக்குத்தான்.

ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் என்எச்-எல்9ஐ கூலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேனோடு சேர்த்தே உயரம் 37 மில்லிமீட்டர். அடியில் செம்புத் தகடு. அதிலிருந்து வளைந்து கிளம்பும் இரண்டு வெப்பக்குழாய்கள், நெருக்கி அடுக்கிய அலுமினியத் தகடுகளுக்குள் நுழைகின்றன.

அந்தக் குழாய்தான் அழகு. காற்றை வெளியேற்றி, உள்ளே சிறிதளவு திரவம் வைத்து மூடியிருப்பார்கள். பிராசஸர் சூடானதும் அந்தத் திரவம் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்கே குளிர்ந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பும். பம்பு வேண்டாம். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டிய உத்தி இது.

தண்ணீர்க் கூலரின் 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும், உண்மை. ஒரு கிலோவைத் தாண்டும் டவர் வகைக் காற்றுக் கூலர் பயணக் குலுக்கலில் மதர்போர்டை இழுக்கும். அதற்குத் தண்ணீரே மேல். ஆனால் 65 வாட் பிராசஸருக்கு இந்தக் குட்டிக் கூலர் போதும். ஃபேன் கெட்டால் நான்கு திருகுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். ஊர்விட்டு ஊர் போகிற கணினிக்கு அதுவே பெரிய பலம்.