பெட்டியும் புல்வெளியும்

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில் மரமின்றி, மலையின்றி விரிந்து கிடந்த புல்வெளியை நோக்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் வடநாட்டு மக்கள் பெருந்திரளாகப் புறப்பட்டனர். நார்வே, சுவீடன், டென்மார்க் என்னும் மூன்று நாட்டாரும் அவருள் அடங்குவர். 1862ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடியிருப்பு நிலச் சட்டம் அவர்களை அழைத்தது. சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் நிலத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிரிட்டால் நிலம் சொந்தமாகும். மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும்கூடத் தம் பெயரில் நிலம் பெற அச்சட்டம் இடமளித்தது. கணவனோடு வாழும் மனைவிக்கு மட்டும் பொதுவாக அவ்வுரிமை இல்லை. பதிவேட்டில் அவள் பெயர் ஏறவில்லை. அவளைத் தேடிச் சென்று கண்டது இலக்கியமே.

அவ்வாறு கண்ட எழுத்தாளர் ஒருவரல்லர். வில்லா கேதர் 1913இல் வெளியிட்ட புதினத்தில், தந்தை விட்டுச் சென்ற நிலத்தைத் தன் அறிவாற்றலால் வளப்படுத்தும் சுவீடியப் பெண்ணொருத்தியைப் படைத்தார். டென்மார்க்கில் பிறந்து நெப்ராஸ்காவில் வளர்ந்த சோபஸ் கீத் வின்தர், டேனியக் குடும்பமொன்றின் கதையை 1936இல் எழுதினார். ஆயினும் புல்வெளிப் பெண்ணின் உள்ளத்துள் புகுந்து, அங்கிருந்தே அந்நிலத்தைக் காட்டியவர் ரோல்வாக் என்பதில் ஐயமில்லை. அவர் படைத்த நார்வேப் பெண்ணாகிய பெரெட்டே இக்கட்டுரையின் பொருள்.

ஓலெ எட்வர்ட் ரோல்வாக் 1876இல் நார்வேயின் வடபகுதியில் டொன்னா என்னும் தீவில், மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். இருபதாம் வயதில் அமெரிக்கா சென்று பண்ணையில் உழைத்தார்; பின் கற்றுப் பட்டம் பெற்று, மின்னசோட்டாவிலுள்ள செயின்ட் ஓலாப் கல்லூரியில் நார்வே மொழி கற்பிக்கும் பேராசிரியரானார். 1931இல் மறையும்வரை அமெரிக்காவிலேயே வாழ்ந்தார். எனினும் தம் கதைகளைத் தாய்மொழியிலேயே எழுதினார். பெரெட்டின் கதை 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக நார்வேயில் வெளிவந்தது. லிங்கன் கோல்கார்டு என்பவரோடு சேர்ந்து ஆசிரியரே ஆங்கிலமாக்க, 1927இல் ‘ஜயன்ட்ஸ் இன் தி எர்த்’ என்னும் பெயரில் அமெரிக்காவில் வெளியாயிற்று. தலைப்பு விவிலியத்தின் ஆதியாகமத்திலிருந்து எடுக்கப்பட்டது.

கதை 1873ஆம் ஆண்டுக் கோடையில் டக்கோட்டாவில் தொடங்குகிறது. பெர் ஹன்சா, மனைவி பெரெட், மக்கள் மூவர், பின்னால் கட்டிய ஒரு பசு, இவ்வளவே கூட்டம். முன்சென்ற தோழரின் தடத்தைத் தவறவிட்டுத் திசை தேடிச் செல்கின்றனர். வண்டிச் சக்கரத்தில் மடங்கிய புல் மீண்டும் நிமிர்ந்துகொள்கிறது. படகு சென்ற நீர்போலத் தடம் மறைகிறது. கடலை விட்டு வந்த மீனவனுக்கு அது இன்னொரு கடல்; ஊக்கம் தருகிறது. பெரெட்டோ வாய் திறவாமல் வண்டியில் அமர்ந்திருக்கிறாள்.

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என நிலத்தை நோக்கப் பழகிய தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் ஒன்று எளிதில் விளங்கும். நிலமும் பொழுதும் இங்கே உண்டு. அவையும் அளவு கடந்து உண்டு. பெரெட் அறிந்த கருப்பொருளோ ஒன்றுமில்லை. மரமில்லை, கோயில் மணியோசை இல்லை, முன்னோர் கல்லறை இல்லை. ஒருவர் மறைந்து நிற்க ஒரு பொருளும் இல்லை என்பதே அவள் முதலில் உணரும் குறை. கருப்பொருள் அற்ற நிலத்தில் உரிப்பொருள் எதனைப் பற்றிக்கொண்டு வளரும்? அச்சமாகவே வளர்கிறது. அவள் சன்னல்களை ஆடைகளால் மூடுகிறாள். புல்வேரோடு பெயர்த்த மண்பாளங்களை அடுக்கிக் கட்டிய வீட்டில் மனிதரும் மாடும் ஒரே கூரையின்கீழ் வாழ்வது அவளுக்குக் கூசுகிறது. மனைவியை மகிழ்விக்க எண்ணிக் கணவன் உட்சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறான். அண்டை வீட்டார் வியக்கின்றனர். வெளியே பனியின் வெண்மை, உள்ளே சுண்ணாம்பின் வெண்மை. அவள் கண்களுக்கு ஒதுங்குமிடம் அதுவும் இல்லாமற் போகிறது. அன்பு தவறான இடத்தில் போய்ச் சேருவதை இதனினும் சுருக்கமாகக் காட்டிய எழுத்து அரிது.

பெரெட்டை மனநோய் கொண்ட வலுவற்ற பெண் என்று கூறி ஒதுக்குவோர் உண்டு. பெர் ஹன்சாவே தலைவன் என்றும், அவன் கால் விலங்கே அவள் என்றும் வகுப்பறையில் சொல்லிவிடுவது எளிது. கதையைக் கூர்ந்து படிப்போர்க்கு இம்முடிவு பொருந்தாது. எல்லைக்கழி நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். தோழர்களின் நிலத்தில் அயர்லாந்துக்காரர் நட்ட அடையாளக் கழிகளைப் பெர் ஹன்சா காண்கிறான். யாரும் அறியாமல் பிடுங்கி எரித்துவிடுகிறான். பின்னர் அவர்கள் வந்து வழக்காடியபோது அவர்களிடம் உரிய சான்று இல்லை என்பது தெரிகிறது. ஊரார் அவன் துணிவைப் புகழ்ந்து சிரிக்கின்றனர். பெரெட் மட்டும் நடுங்குகிறாள். அவள் பிறந்த ஊரில் பிறர் எல்லைக்கல்லைப் பெயர்ப்பதைப் போன்ற பழி வேறில்லை. கழிகளைப் பிடுங்கியபோது அவை சான்றற்றவை என்று கணவனுக்குத் தெரியாது. அவள் நோக்குவது அதனையே. வென்றபின் கிடைத்த நியாயம் முன்செய்த செயலைத் தூய்மைப்படுத்துமா? இவ்வினாவைக் கதையில் எழுப்புபவள் அவள் ஒருத்தியே. இது நோயாளியின் புலம்பலன்று. நிறைகோல் கையில் உள்ளவளின் சொல்.

பெயர் மாற்றத்திலும் அவ்வாறே. நிலப் பதிவின் பொருட்டு ஆடவர் புதிய குடும்பப் பெயர் சூடிக்கொள்கின்றனர். பெர் ஹன்சா ‘ஹோல்ம்’ என்னும் பெயரைத் தேர்கிறான். திருமுழுக்கில் பெற்ற பெயரை இவ்வளவு எளிதாகக் கழற்றி எறியலாமா என அவள் உள்ளம் வெதும்புகிறது. கிறிஸ்துமஸ் நாளில் அம்மண்வீட்டில் பிறந்த மகனுக்குத் தந்தை ‘வெற்றியாளன்’ எனப் பொருள்படும் பெயரை இடும்போது அவள் வெதும்பல் திகிலாகிறது.

இனி, அவளுடைய பெட்டியைப் பற்றி விரிவாகக் கூறவேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் ஆண்டு பொறித்த பழைய குடும்பப் பெட்டி அது. பிறந்த வீட்டிலிருந்து அவளுடன் வந்தது. பேறுகாலம் நெருங்கியபோது, தான் இறந்தால் அதிலேயே வைத்துப் புதைக்கும்படி கணவனிடம் கேட்டுக்கொள்கிறாள். மரமில்லா நிலத்தில் சவப்பெட்டிக்கு மரம் எங்கே? மற்றொரு முறை வழிப்போக்கர் குடும்பமொன்று வந்து தங்குகிறது. அந்த வண்டியில் காரி என்னும் தாய் அவர்களுடைய பெட்டியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறாள். வழியில் இறந்த மகனைப் பெட்டியின்றிப் புல்வெளியில் புதைத்துவிட்டு வந்த துயரத்தில் அவள் அறிவு கலங்கிவிட்டது. அக்குழியைத் தேடிச் சென்றும் கண்டுபிடிக்க இயலவில்லை. காரியின் கட்டுகளைக் கண்டபின் பெரெட்டின் நிலை மேலும் சரிகிறது.

பின்னர் வருவன வெட்டுக்கிளிகள். எழுபதுகளில் அப்பகுதியை உண்மையாகவே அழித்த படையெடுப்பு அது. விளைந்த கோதுமையின்மேல் அவை இறங்கும்போது ஆடவர் வயலில் போராடுகின்றனர். வீடு திரும்பிய பெர் ஹன்சாவுக்குக் கதவு திறக்கவில்லை. உள்ளே பெட்டி கதவை அடைத்துக் கிடக்கிறது. சிறு குழந்தைகள் இருவரையும் அணைத்துக்கொண்டு மனைவி அதனுள் அமர்ந்திருக்கிறாள். புதினத்தின் உச்சம் இதுவே எனலாம். மனம் சிதறியவளின் செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவள் எங்கே ஓடினாள் என்பதே நோக்கற்பாலது. அப்பெருவெளியில் அவளுக்கென்று மூடியுள்ள பொருள் அது ஒன்றுதான். பின்னர் ஊர்வழி வந்த போதகர் அப்பெட்டியையே திருவிருந்துக்குரிய மேடையாக்குகிறார். சவப்பெட்டியாக எண்ணப்பட்டது பலிபீடமாகிறது. அவள் மனமும் மெல்லத் தெளிகிறது. எவ்வித விளக்கமும் கூறாமல் ஒரே பொருளைக் கொண்டு ஒருத்தியின் வீழ்ச்சியையும் மீட்சியையும் ஆசிரியர் சொல்லிவிட்டார். கதை எழுத விரும்பும் மாணவர் இவ்வியல்களைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. அந்நிலத்தில் முன்பே வாழ்ந்த செவ்விந்தியரை ஆசிரியர் குன்றின்மேல் ஒரு கல்லறையிலும், வந்து தங்கிச் செல்லும் ஒரு கூட்டத்திலும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். எல்லைக்கழிக்காக அவ்வளவு வருந்திய பெரெட்டின் நிறைகோல் இவ்விடத்தில் ஏன் அசையவில்லை என்னும் வினா இன்றைய வாசகர்க்கு எழவே செய்யும். அதற்குப் புதினத்தில் விடையில்லை.

முடிவைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. 1880-81ஆம் ஆண்டின் கொடிய பனிக்காலம். நண்பன் ஹன்ஸ் ஓல்சா சாகக் கிடக்கிறான். போதகரை அழைத்து வரவேண்டும் எனப் பெரெட் வற்புறுத்துகிறாள். உயிரைக் காப்பதினும் ஆன்மாவைக் காப்பது பெரிதெனும் கடுஞ்சமயப் பற்று அவளை இறுக்கிவிட்டது. பெர் ஹன்சா பனிச்சறுக்குக் கட்டைகளுடன் புயலில் புறப்படுகிறான். வசந்தத்தில் வைக்கோற்போர் ஒன்றில் சாய்ந்தவாறு அவன் உடல் கிடைக்கிறது. கண்கள் மேற்கு நோக்கியிருக்கின்றன. கணவனைக் கொன்றவள் என்று அவள்மேல் பழி சுமத்துவோர், அவனும் தன் இறுமாப்பால் சென்றதை மறந்துவிடுகின்றனர். முடியாது என்னும் சொல்லைத் தன் வாயால் சொல்லிப் பழகாதவன் அவன். ஆயினும் பிற்பகுதியில் பெரெட்டின் உள்ளத்தை விட்டு ஆசிரியர் சற்று விலகி நிற்கிறார் என்பது உண்மை. முதற்பகுதியில் அவள் அச்சத்தை நாம் உள்ளிருந்து அறிகிறோம். பிற்பகுதியில் அவள் பக்தியைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே காண்கிறோம். பழி எளிதில் ஒட்டிக்கொள்வதற்கு அதுவே காரணம்.

பெரெட்டை முழுமையாக அறியத் தொடர்ச்சியாக வந்த இரு புதினங்களையும் படிக்க வேண்டும். 1928இல் நார்வே மொழியிலும் அடுத்த ஆண்டு ஆங்கிலத்திலும் வந்த இரண்டாவதில், அவள் கைம்பெண்ணாகப் பண்ணையைத் தானே நடத்துகிறாள்; பெருந்தொழுவம் எழுப்புகிறாள். வலுவற்றவள் என்போர்க்கு இதுவே விடை. அங்கே அவளது போராட்டம் புல்வெளியோடு அன்று, மகனோடு. பள்ளியில் ஆங்கிலம் கற்ற பீடர் தாய்மொழியை விட்டு நழுவுகிறான். வீட்டில் நார்வே மொழியே ஒலிக்கவேண்டும் என அவள் விடாது நிற்கிறாள். ஆசிரியரின் சொந்தப் போராட்டமும் அதுவே. முதல் உலகப் போர்க்காலத்தில், 1918இல், அயோவா மாநில ஆளுநர் பள்ளியிலும் பொதுவிடத்திலும் தொலைபேசியிலும் ஆங்கிலமன்றி வேறு மொழி பேசலாகாது என ஆணையிட்டார். டேனியரும் நார்வேயரும் தம் கோயில்களில்கூடத் தாய்மொழியில் வழிபட இயலாது போயிற்று. அதற்கு ஆறாண்டு கழித்து, அதே மொழியில், அந்த மண்ணிலிருந்தே பெரெட் பிறந்தாள் என்பது தற்செயலன்று.

1931இல் வந்த மூன்றாம் புதினத்தில் பீடர் அயர்லாந்துக் கத்தோலிக்கப் பெண்ணொருத்தியை மணந்து வாழ்கிறான்; பெரெட் இறக்கிறாள். நார்வே மூலத்தில் இக்கதைமாந்தரின் பேச்சில் வடநாட்டுக் கடற்கரை வழக்கு ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அது பெரிதும் மறைந்துவிட்டது. நார்வேக்கு வெளியே இன்று பெரெட்டை அறிவோர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அறிகின்றனர். தாயின் சொல்லை மீறிப் பீடர் தேர்ந்துகொண்ட மொழியும் அதுதான்.