ரேட் மாஸ்டரும் செவ்வுக் கணக்கும்

தூத்துக்குடியில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில், புது பில்லிங் மென்பொருளுக்குள் வாடகை ரேட்டுகளை ஏற்றும் வேலைக்கு இரண்டு வாரம் துணையாக உட்கார்ந்திருந்தேன். அப்போது எடுத்த குறிப்புகள்தான் இது. மென்பொருளின் பெயர் வேண்டாம். நான் சொல்ல வருவது ஒரு கம்பெனியின் குறை இல்லை. இந்த வகையில் நான் பார்த்த எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவைதான்.

அச்சு இதுதான்: பார்ட்டி யார், எங்கிருந்து, எங்கே, என்ன வண்டி, என்ன ரேட். இந்த ஐந்தையும் ‘ரேட் மாஸ்டர்’ என்ற பக்கத்தில் ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும். டிரிப் முடிந்ததும் பில் தானாக வந்து நிற்கும். முதலில் நல்லதைச் சொல்லிடுறேன். மாதக் கடைசியில் எல்.ஆர். கட்டை அவிழ்த்து வைத்துக்கொண்டு, எதற்கு பில் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று கணக்கர் தலையைப் பிய்த்துக்கொள்வது நின்றுபோச்சு. விட்டுப்போன டிரிப் என்று ஒன்று இப்போது இல்லை. சின்ன ஆபீஸுக்கு இதுவே பெரிய காசு.

சிக்கல் ‘எங்கிருந்து, எங்கே’ என்பதில்தான் ஆரம்பிக்கிறது. ஏற்றுமதிக்கு ஓடும் டிரெய்லர் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் போய் முடிவதில்லை. தூத்துக்குடி யார்டில் எம்டி கன்டெய்னரை எடுக்கும். திருப்பூரிலோ சிவகாசியிலோ கம்பெனிக்குள் போய் லோடு ஏற்றும். சீல் வைத்து, திரும்பத் துறைமுகத்துக்கே வரும். கிளம்பும் ஊரும் தூத்துக்குடி, சேரும் ஊரும் தூத்துக்குடி. அப்படியே பதிந்தபோது மென்பொருள் தூரம் சைபர் என்று காட்டியது. சிரித்துவிட்டு, ‘எங்கே’ என்ற இடத்தில் திருப்பூரைப் போட்டோம். வண்டி திரும்பி வரும் பாதி, கணக்கிலிருந்தே காணாமல் போனது. அதே பார்ட்டி சரக்கை லாரியில் அனுப்பி, இங்கேயே சி.எஃப்.எஸ்.ஸில் கன்டெய்னருக்குள் ஏற்றினால், அது வெறும் உள்ளூர் ஓட்டம். அதுவும் தூத்துக்குடி டு தூத்துக்குடிதான். ரேட்டுக்கும் ரேட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்தது டீசல். அமெரிக்காவில் அரசின் எரிசக்தித் தகவல் நிறுவனம் வாரம் ஒருமுறை சராசரி டீசல் விலையை வெளியிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு எரிபொருள் கூடுதல் கட்டணம் போடுவது அங்கே பழகிய வழக்கம். இங்கே 2017 ஜூன் 16 முதல் விலை தினம் மாறலாம் என்பது விதி. ஆனால் 2022 மே மாத வரிக்குறைப்புக்குப் பிறகு 2024 மார்ச் வரை விலை அசையவே இல்லை, சென்னையில் 94.24 ரூபாயிலேயே நின்றது. அதனால் டீசல் விதி சரியாக ஏறியிருக்கா என்று பார்க்கும் சந்தர்ப்பமே வரவில்லை. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைந்தது. கூடும்போது கூட்டும் விதி, குறையும்போது குறைக்குமா?

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. வாடகை 30,000, டீசல் 90 ரூபாயாக இருந்தபோது பேசியது, அதில் டீசலின் பங்கு 45 சதவீதம், அதாவது 13,500 ரூபாய், 150 லிட்டர். டீசல் 94 ஆனால் கூட வேண்டியது 600 ரூபாய். அதே விலையேற்றச் சதவீதத்தை மொத்த வாடகை மீது போட்டால் 1,333 வரும். ஒரே ஒரு டிக் இடும் கட்டம்தான் வித்தியாசம். லோடு ஏற்றிய நாளின் விலையா, பில் போடும் நாளின் விலையா என்பது இன்னொரு கட்டம். இரண்டும் பார்ட்டியோடு உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய சங்கதிகள். மென்பொருளில் யாரோ முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது ஹால்டிங் விஷயத்தில். கம்பெனியில் இத்தனை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் நின்றால் காசு என்பது பேச்சு. அந்த நேரத்தை ஜி.பி.எஸ். தானாக எண்ணும். எப்படி? வரைபடத்தில் கம்பெனியைச் சுற்றி ஒரு கோடு. வண்டி கோட்டுக்குள் வந்தால் கடிகாரம் ஓடும். கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் வரிசையில் நிற்கும் வண்டி கோட்டுக்கு வெளியே நிற்கிறது. ஆக, டிரைவர் வெயிலில் நிற்கும் அந்த நேரம் யாருடைய கணக்கிலும் இல்லை. முன்னெல்லாம் டிரைவர் போன் பண்ணி, “அண்ணே, கேட்டுக்கு வந்துட்டேன், இன்னும் உள்ள விடலை” என்பார். கணக்கர் டைரியில் மணியைக் குறிப்பார். அதை வைத்துச் சண்டை போடலாம். இப்போது பார்ட்டி கேட்பது, “சிஸ்டம்ல என்ன இருக்கு?”

தாமதம் அதோடும் போவதில்லை. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக வர ஒன்றரை மடங்குதான். கம்பெனி வாசலில் ஒரு ராத்திரி கூடுதலாக நின்றுவிட்டால், திரும்பும்போது முழுக் கட்டணம் பிடிக்கும். ரேட் மாஸ்டரில் டோல் ஒரு நிலையான தொகை. வித்தியாசம் வண்டிக்காரர் தலையில்.

இதே ஊரில் இதற்கு முன்பே ஒரு வாய்பாட்டுக் கணக்கு இருந்தது. முத்து வியாபாரத்தில் ‘செவ்வு’ என்பார்கள். முத்துகளின் மஞ்சாடி எடையை அதே எடையால் பெருக்கி, அதில் முக்கால் எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் செவ்வு. இரட்டிப்பு எடையுள்ள ஒற்றை முத்துக்கு நாலு மடங்கு செவ்வு. கணக்கில் யாருக்கும் வாக்குவாதம் இல்லை. ஆனால் ஒரு செவ்வுக்கு என்ன விலை என்பதை வாய்பாடு சொல்லாது. அதை நிறம், உருட்சி, அன்றைய சந்தை பார்த்து வியாபாரிகள் பேசித்தான் முடிப்பார்கள். அளவு வேறு, விலை வேறு என்று பிரித்து வைத்திருந்தார்கள். முத்துக்குளிப்பு தர்மமாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. மூழ்கியவனுக்குக் கிடைத்த பங்கு வேறு கதை. கணக்கின் அமைப்பை மட்டும் சொல்றேன். நம் மென்பொருள் அளவையும் விலையையும் ஒரே பொத்தானுக்குள் அடைத்திருக்கிறது. பொத்தானை அழுத்தியபின் எது எண்ணியது, எது பேசியது என்று பில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கடைசியில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். தானாக பில் அனுப்புவதை நிறுத்தி, வரைவாக மட்டும் வரும்படி வைத்தோம். ‘எங்கே’ என்பதில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக ‘திருப்பூர் போக வர’, ‘சி.எஃப்.எஸ். உள்ளூர்’ என்று ஓட்டத்தின் பெயரையே கொடுத்தோம். கம்பெனியைச் சுற்றிய கோட்டை, வரிசை நிற்கும் ரோடு வரைக்கும் நீட்டினோம். நீட்டிய பிறகு ஒரு பார்ட்டி, அந்த ரோடு எங்கள் இடம் இல்லையே என்று மெயில் போட்டிருக்கிறார். கணக்கர் பதில் எழுதும் முன் பழைய டைரியைத் தேடிக்கொண்டிருந்தார்.