விழாவும் கவியும்: சீனர் மரபு பற்றிய ஒரு நோக்கு

கலையைத் துய்க்கும் நெறி இருவகைப்படும். ஒன்று தனித்திருந்து துய்த்தல். மற்றொன்று கூடியிருந்து துய்த்தல். அச்சுநூல்கள் பெருகிய பின்னர், முன்னையது கற்றோருக்கு உரியதென்றும் பின்னையது பாமரருக்கு உரியதென்றும் ஒரு பாகுபாடு எழுந்தது. விழாக் கூட்டத்திலே கவிதை அகப்படும்பொழுது அதன் பொருள் நீர்த்துப்போகின்றது என்பது கற்றோர் கூறும் குறை. விழா இல்லையேல் கவிதை ஏட்டளவிலே மடிந்துபோகும் என்பது மற்றையோர் இறுக்கும் விடை. இவ்விரு கூற்றுக்களுள் எது வலியுடைத்து என்பதை ஆராய்தற்குச் சீனரின் பண்பாட்டு வரலாறு தக்கதொரு களமாகும். இலக்கியம், இசை, திரைப்படம் என்னும் மூன்றும் அங்கே மக்கள் கூடும் விழாக்களோடும் அவைகளோடும் பிணைந்து வளர்ந்துள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டை நோக்குமிடத்து இவ்வினாவின் ஆழம் புலனாகும்.

முதற்கண் இலக்கியத்தை நோக்குவோம். சந்திரமாதக் கணக்கிலே ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாளிற் சீனர் கொண்டாடும் விழா துவான்வூ எனப்படும். அன்று டிராகன் தலை செதுக்கிய நீண்ட ஓடங்கள் முரசொலிக்கு இயைய ஆறுகளிற் போட்டியிட்டு விரையும். இலையிற் பொதிந்து அவித்த அரிசிப் பண்டம் இல்லந்தோறும் உண்ணப்படும். 2009ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் இவ்விழாவை உலக மாந்தரின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. இத்துணை ஆரவாரமும் கு யுவான் என்னும் புலவரை நினைவுகூரும்பொருட்டு என்பது மக்கள் வழக்கு.

கு யுவான் கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சூ நாட்டு அரசவையில் உயர்நிலை வகித்தவர். புறங்கூறுவோரின் சூழ்ச்சியால் அரசனின் நம்பிக்கையை இழந்து நாட்டினின்றும் அகற்றப்பட்டவர். கி.மு. 278இலே சின் நாட்டுப் படை சூ நாட்டின் தலைநகரைக் கைப்பற்றியது. அக்காலத்தில் அவர் மிலுவோ ஆற்றிலே வீழ்ந்து உயிர்துறந்தார் என்பர். அவர் யாத்ததெனப் போற்றப்படும் 'லீ சாவ்' முந்நூற்றெழுபதுக்கு மேற்பட்ட அடிகளைக் கொண்ட நெடும்பாடல். நறுமலர்களையே தன் ஒழுக்கத்தின் அடையாளமாகச் சூடிய ஒருவன், தன் தலைவனின் நிலையாமனத்தை நொந்து, வானவெளியெங்கும் தேரூர்ந்து தனக்கு ஒத்த உள்ளத்தைத் தேடுகின்றான். எங்கும் காணான். ஈற்றிலே தான் பிறந்த நிலம் கண்ணிற் பட, மேலே செல்லவும் மாட்டாது, திரும்பவும் வழியின்றித் தவிக்கின்றான். தன்னை ஏற்காத கூட்டத்தை நோக்கித் தனியொருவன் எழுப்பிய முறையீடே இப்பாடலின் உயிர்நிலை.

ஈண்டுத்தான் முரண்பாடு தோன்றுகின்றது. கூட்டத்தினால் விலக்கப்பட்டவனின் துயரைப் பாடிய புலவனுக்கு எடுக்கும் விழாவிலே, கூட்டம் ஒரே தாளத்திற்குத் துடுப்பு வலிக்கின்றது. வெற்றி கண்டு ஆர்ப்பரிப்போருள் லீ சாவின் ஓரடியையேனும் அறிந்தவர் எத்தனை பேர் என்னும் வினா எழுவது இயல்பே. வென் யிதுவோ (1899-1946) என்னும் அறிஞர் இவ்விழாவின் வேரை ஆராய்ந்து, அது கு யுவானுக்கும் முற்பட்டதென்றும், டிராகனைக் குலக்குறியாகக் கொண்ட மக்களின் பழஞ்சடங்கிலிருந்து கிளைத்ததென்றும் கருதினார். அங்ஙனமாயின், முன்னரே இருந்த விழாவொன்றின்மேற் புலவனின் பெயர் பின்னர் ஏற்றப்பட்டதாகின்றது. விழா புலவனை மறந்துவிட்டது என்று குறைகூறுவதிலும், தமக்குரிய விழாவொன்றை மக்கள் புலவனுக்கு ஈந்தனர் என்று கூறுவதே பொருந்தும். ஓடங்கள் அவருடலைத் தேடிச் சென்றனவென்றும், மீன்கள் அவ்வுடலைத் தீண்டாவண்ணம் சோறு எறியப்பட்டதென்றும் வழங்கும் கதைகள் வரலாற்று உண்மையாகாதிருக்கலாம். ஆயினும் அரசவை கைவிட்ட ஒருவரை ஆற்றங்கரை மக்கள் கைவிடவில்லை என்னும் கருத்து அவற்றுள் அடங்கியுள்ளது. லீ சாவின் தலைவன் வானமெங்கும் தேடியும் காணாத ஒத்த உள்ளத்தை மக்கள் இக்கதையினால் அவனுக்கு அளித்துவிட்டனர்.

எனினும் பெயரைப் போற்றுதல் வேறு. பொருளைப் போற்றுதல் வேறு. ஈழத்தின் கீழ்கரையூர்களிலே வைகாசித் திங்களிற் கண்ணகி வழக்குரை படித்துக் குளிர்த்தி பாடும்பொழுது, விழாவின் நடுவே நூலும் ஒலிக்கின்றது. துவான்வூ விழாவிலோ பல ஊர்களில் ஓடமும் உணவுமே எஞ்சின. நூலும் விழாவும் மீண்டும் ஒன்றுசேர்ந்தது ஒரு நெருக்கடிக் காலத்திலாகும். யப்பானியப் படையெடுப்பின்போது சுங்கிங் நகர் சீன அரசின் தற்காலிகத் தலைநகராயிருந்தது. 1941ஆம் ஆண்டிலே அங்கே குழுமிய எழுத்தாளர் துவான்வூ நாளைக் கவிஞர் நாள் எனப் பிரகடனஞ் செய்தனர். அடுத்த ஆண்டு குவோ மோருவோ எழுதிய 'கு யுவான்' நாடகம் அந்நகரிலேயே மேடையேறியது. பழைய சூ நாட்டின் கதையைக் கண்டோர், அதனுள் தம் காலத்து ஆட்சியின்மீதான கண்டனத்தையும் கேட்டனர். ஈராயிரமாண்டு கழித்து அம்முறையீடு தன் கூர்மையை மீண்டும் பெற்றது. விழா அப்பெயரை உயிரோடு வைத்திராவிடின் நாடகாசிரியனின் குறிப்பு மக்கள் நெஞ்சில் அத்துணை விரைவாகத் தைத்திராது என்பது தெளிவு.

இரண்டாவதாக இசையை நோக்குவோம். எட்டாம் மாதத்து முழுமதி நாள் சீனருக்குக் குடும்ப ஒன்றிப்பின் திருநாள். பிரிந்துறைவோர் இல்லம் திரும்புவர். மதியை நோக்கியிருந்து உண்டு மகிழ்வர். சீனர் எங்கெங்குக் குடியேறினரோ அங்கெல்லாம் இவ்விழாவும் சென்றது. இவ்விழா மேடைகளிற் பெரிதும் விரும்பிப் பாடப்படுவது சு துங்போவின் பாடல். 1037 முதல் 1101 வரை வாழ்ந்த இப்புலவர், அரசின் புதிய சீர்திருத்தங்களை ஏற்காது தலைநகரை நீங்கி மாகாணப் பதவிகளில் உழன்றவர். 1076ஆம் ஆண்டு முழுமதி விழாவன்று மிசௌ என்னும் ஊரிலே விடியுமளவும் மதுவருந்தியிருந்து, ஆண்டுகள் பலவாகக் காணாத தம் இளவலை எண்ணி இப்பாடலை யாத்தார். ஒன்றிப்பின் நாளிலே பாடப்படுவது பிரிவின் பாடல் என்பது கருதத்தக்கது.

இப்பாடல் இரு பகுதிகளையுடையது. முற்பகுதியிலே புலவர் உலகைத் துறந்து மதியின் மாளிகைக்கு ஏகலாமோ என எண்ணி, அவ்வுயரத்தின் குளிருக்கு அஞ்சி மண்ணிலேயே நின்றுவிடுகின்றார். பிற்பகுதியிலே உறக்கம் இன்றி மதியை நோகின்றார். பின்னர் மாந்தர்க்குப் பிரிவும் மதிக்குத் தேய்வும் இயற்கை எனத் தேறி, தூரத்திருப்போரும் ஒரே மதியைக் காண நெடிது வாழ்க என வாழ்த்தி முடிக்கின்றார். அந்த ஈற்று வாழ்த்தின் இனிமை, அதற்கு முன்னர் அவர் கடந்துவந்த ஐயத்தினின்றும் நோவினின்றும் பிறப்பதாகும்.

இது முன்னரே வழங்கிய மெட்டொன்றிற்கு அமையப் புனையப்பட்ட பாடல். அம்மெட்டு வழக்கொழிந்தமையாற் சொற்கள் மட்டும் எஞ்சி ஏட்டுப்பாடலாயின. 1983ஆம் ஆண்டிலே தைவானைச் சேர்ந்த தெரேசா தெங் என்னும் பாடகி பழம்பாடல்கள் பன்னிரண்டைப் புதிய மெட்டுக்களிற் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவற்றுள் இப்பாடலுக்கு லியாங் ஹொங்சி இசையமைத்தார். அதன்பின் இது பண்டிதரின் உடைமையாக மட்டுமன்றிப் பள்ளிச் சிறாரும் பாடும் பொதுவுடைமையாயிற்று. ஆயின் ஒரு மாற்றம் கவனிக்கற்பாலது. பழைய ஏடுகளில் மெட்டின் பெயராற் சுட்டப்பட்ட இப்பாடல், புதிய இசைத்தட்டிலே ஈற்று வாழ்த்தின் சொற்களாலே பெயர்பெற்றது. பெயர் மாறவே கேட்போரின் நோக்கும் மாறிற்று. மென்மையான மெட்டு முற்பகுதியின் அச்சத்தையும் தாலாட்டாக்கிவிட, பாடல் முழுவதும் நல்வாழ்த்தாகவே செவியில் விழுகின்றது. துறவுக்கும் உலகுக்கும் இடையே தத்தளித்த ஒருவரின் குரல் விருந்தினரை வரவேற்கும் குரலாகக் குறைந்தமை இழப்பேயாம்.

ஆயினும் இவ்விசையமைப்பாளர் பாடலின் சொற்களைக் குறைக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. தொண்ணூற்றைந்து எழுத்துக்களும் முழுமையாகப் பாடப்படுகின்றன. விழாவிலே வாழ்த்தாக மனனஞ் செய்த சிறுவன், பின்னொரு நாள் உற்றாரைப் பிரிந்து தொலைநாட்டிலே தனித்திருக்க நேருமாயின், முற்பகுதியின் பொருள் தானே அவனுக்கு விளங்கும். இன்று பொருள் உணரப்படாவிடினும் சொல் சிதையாது கையளிக்கப்படுமாயின் இழப்பு நிலையானதன்று.

மூன்றாவதாகத் திரைப்படம். லியாங் சான்போ, ஜூ யிங்தாய் என்னும் இருவரின் கதை சீனரின் பெயர்பெற்ற பழங்கதைகளுள் ஒன்று. கல்வி வேட்கை மிக்க யிங்தாய் ஆண்வேடம் பூண்டு ஹாங்சௌ நகருக்குச் சென்று கற்கின்றாள். உடன்பயிலும் சான்போ மூவாண்டுகள் அவளுடன் பழகியும் அவள் பெண் என்பதை அறியான். உண்மை அறிந்து அவன் மணம்பேச வருமுன் தந்தை அவளை மா என்னும் செல்வக் குடும்பத்திற்கு உறுதிசெய்துவிடுகின்றார். சான்போ துயரால் இறக்கின்றான். மணநாளன்று அவன் சமாதி வெடித்துத் திறக்க, அவள் உட்புகுகின்றாள்; இருவரும் வண்ணத்துப்பூச்சிகளாய்ப் பறக்கின்றனர்.

செச்சியாங் மாகாணத்துக் கிராமங்களிலே தோன்றி, சாங்காய் நகரிலே பெண்களே எல்லாப் பாத்திரங்களையும் ஏற்று நடிக்கும் கலையாக வளர்ந்த யுவே இசைநாடகத்திற்கு இக்கதை பெரும்பொருளாயிற்று. சாங் ஹு, ஹுவாங் சா ஆகியோரின் நெறியாள்கையில் 1953ஆம் ஆண்டிலே அது வண்ணத் திரைப்படமாயிற்று. யிங்தாயாக யுவான் சுவேபென்னும் சான்போவாகப் பான் ருயிசுவானும் நடித்தனர். 1954இலே ஜெனீவா மாநாட்டிற்குச் சென்ற பிரதமர் சௌ என் லாய், அயல்நாட்டார் கூடிய அவையில் இதனைத் திரையிடச் செய்தார். கதையை விளக்க நீண்ட குறிப்பொன்று ஆயத்தமாயிருந்தது. அதனைத் தவிர்த்து, 'சீனத்து ரோமியோ யூலியற்' என்று அழைப்பிதழிற் குறித்தாற் போதும் என்றார் அவர். அவ்வொரு தொடர் அவையோரின் நெஞ்சைத் திறந்தது. படமும் பாராட்டுப் பெற்றது.

இராசதந்திர நோக்கில் இது மதிநுட்பமே. திறனாய்வு நோக்கிலோ இவ்வொப்புமை கதையின் ஆணிவேரைக் காட்டாது. ரோமியோ யூலியற்றின் அவலம் இரு குடிகளின் பகையினின்றும் விளைவது. சான்போ, யிங்தாய் கதையிற் குடிப்பகை இல்லை. காதலுக்கு முன்னர் அங்கே கல்வி நிற்கின்றது. பெண்ணொருத்தி கற்க விரும்பினாள். பெண்ணாயிருந்து கற்க வழியில்லை. ஆதலாற் பொய்வேடம் பூண்டாள். கல்விக்கூடத்தில் அவள் பெற்ற சமத்துவம் இல்லத்து வாயிலிலே பறிக்கப்படுகின்றது. அவலத்தின் வித்து அதுவே. ஒப்புமைத் தொடரிலே காதலர் நின்றனர், கல்விக்கூடம் மறைந்தது. பிறநாட்டு இலக்கியத்தை அறிமுகஞ் செய்வோர் ஒப்புமையை வாயிலாகக் கொள்ளலாம். அதனையே வீடாகக் கொள்ளலாகாது.

இக்கதை மேலும் ஒரு வடிவம் பெற்றது. சாங்காய் இசைக்கல்லூரி மாணவராயிருந்த ஹெ சான்ஹாவ், சென் காங் ஆகிய இருவரும் யுவே இசைநாடகத்தின் பண்களைத் தழுவி வயலினுக்குப் பெரும் இசையாக்கம் ஒன்றை அமைத்தனர். 1959ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள், மாணவியாயிருந்த யு லினா அதனை முதன்முதல் வாசித்தார். மேலைநாட்டு இசைக்கருவியைத் தம் மக்கள் அந்நியமாகக் கருதாவண்ணம் ஊர்ப்பண்களை அதிலே பேசவைத்தல் இம்மாணவரின் நோக்கம். ஈண்டுச் சொல் முற்றாக நீங்கிற்று. ஆயினும் வயலினும் செல்லோவும் மாறிமாறி உரையாடுமிடத்தில் இருவரின் பிரிவு சொல்லின்றியே உணரப்படுகின்றது. 1966இலே தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின்போது இவ்விசை ஒதுக்கப்பட்டது; அக்காலம் கழிந்தபின் முன்னிலும் பரவலாக ஒலித்தது. ஒடுக்கப்பட்ட ஆண்டுகளில் இதனைக் காத்தது மக்களின் நினைவேயன்றி மேடையன்று.

இம்மூன்று எடுத்துக்காட்டுக்களையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. கூடிக் கொண்டாடுதல் கலையைக் காக்கின்றது; காக்கும்பொழுதே சுருக்கவும் செய்கின்றது. கு யுவானிடம் முறையீடு சுருங்கிற்று. சு துங்போவிடம் ஐயம் சுருங்கிற்று. யிங்தாயிடம் கல்வி சுருங்கிற்று. மூன்றிடத்தும் மறைந்தது, கேட்போர் மனத்தை உறுத்தக்கூடிய பகுதியே என்பது தற்செயலன்று. விழா என்பது மக்கள் ஒருமனப்படும் இடம். ஒருமைப்பாட்டைக் குலைக்கும் வினாக்களை அது மெல்ல ஒதுக்கிவிடும். அது விழாவின் குற்றமன்று, அதன் இயல்பு. ஒதுக்கப்பட்ட வினாவை மீண்டும் அவையின் நடுவே கொணர்தல் திறனாய்வாளனுக்கும் ஆசிரியனுக்கும் உரிய கடன். விழாவை வெறுத்து நூலறையிலே ஒதுங்குவோன் அக்கடனைச் செய்யமாட்டான்; விழாவோடு சேர்ந்து ஆர்ப்பரித்து மீள்வோனும் செய்யமாட்டான்.

இதற்கு வழிகாட்டுவதுபோலச் சீனத்திலேயே ஒரு சிற்றூர் உளது. கு யுவானின் பிறப்பிடமெனப் போற்றப்படும் சிகுயி வட்டாரத்து லெபிங்லி என்னும் ஊரிலே உழவர் தமக்கெனக் கவிமன்றம் ஒன்றைப் பேணி வருகின்றனர். துவான்வூ நாளிலே அவர்கள் ஒன்றுகூடிப் பழம்புலவரின் அடிகளை ஓதுகின்றனர். தாமே புனைந்த பாக்களையும் படிக்கின்றனர். அவை எல்லாம் உயர்ந்த கவிதைகளா என்பது ஈண்டு வினாவன்று. புலவனின் பெயரோடு நில்லாது அவன் தொழிலையும் கைக்கொள்ளும் கூட்டம் நூலை இழப்பதில்லை. முரசொலி ஓய்ந்தபின் ஒருவன் எழுந்து பாடலைப் படிப்பானாயின், அவ்விழா கவிக்குச் செய்யவேண்டியதைச் செய்ததாகும்.