ரேசருக்கு ஒரு நியாயம்

எங்கள் மல்லாங்கிணற்றில் பியூட்டி பார்லர் அக்காவைக் கேட்டாலும், விருதுநகர் கல்லூரிக்குப் பஸ் ஏறும் பெண்ணைக் கேட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் பதில் ஒன்றுதான்: "பிளேடு மட்டும் வைக்காதே, முடி தடிச்சுப்போகும்." இந்த நம்பிக்கையால் விலை குறைந்த, வலி இல்லாத ஒரு வழியை நம் பெண்கள் ஒதுக்கிவிட்டு, காசும் தோலும் செலவாகும் வழிகளுக்குப் போகிறார்கள். எந்த முறையையும் நான் மூன்று கேள்விகளால்தான் எடை போடுவேன். நம் மாநிறத் தோலில் கறுப்புத் தழும்பு விடுமா? இந்தக் கரிசல் காட்டு வெயிலையும் வியர்வையையும் தாங்குமா? மறுநாள் காலையில் வேலைக்குப் போக முடியுமா?

முதலில் அந்த நம்பிக்கை. 1928இலேயே அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர், மழித்த முடியை அளந்து பார்த்து, தடிமனும் கூடவில்லை, வளரும் வேகமும் கூடவில்லை என்று எழுதிவிட்டார். பின்னால் வந்த ஆய்வுகளும் அதையே சொன்னன. தானாக வளர்ந்த முடியின் நுனி கூர்மையானது. வெட்டிய முடியின் நுனி மொட்டை. தடவினால் சொரசொரப்பாகவும் பார்வைக்குக் கறுப்பாகவும் தெரிவது அதனால்தான். வேர் தோலுக்குள் இருக்கிறது, பிளேடு அதைத் தொடுவதே இல்லை.

அடுத்தது மஞ்சள். அதற்கு நம் வீடுகளில் இருக்கும் மரியாதை வேறு எதற்கும் இல்லை. கஸ்தூரி மஞ்சளோடு பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு எல்லாம் சேர்த்து அரைத்து அழுத்தித் தேய்த்தால் மெல்லிய பூனைமுடி கொஞ்சம் உதிரும். அது தேய்ப்பின் வேலை. வளர்ந்த முடியை மஞ்சள் நிறுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கோரைக்கிழங்கு எண்ணெய் அக்குள் முடியைக் குறைத்ததாக எகிப்தில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதை மேலும் பலர் சோதித்துப் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தைக்குக் கடலைமாவு போட்டு உருட்டி முடி எடுக்கும் வழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிடலாம். பிறந்த குழந்தையின் பூமுடி சில வாரங்களில் தானாகவே உதிரும். மாவு போட்டாலும் போடாவிட்டாலும் அது நடக்கும், பிஞ்சுத் தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

வாக்ஸிங்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று நான்கு வாரம் வழுவழுப்பாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் மெழுகு பிடிக்க முடி அரிசி நீளத்துக்காவது வளர வேண்டும். ஆக, எந்த முடி வேண்டாம் என்கிறோமோ அதோடே ஒவ்வொரு முறையும் சில வாரம் காத்திருக்க வேண்டும். பட்டையை வெடுக்கென்று இழுத்ததும் ஒவ்வொரு முடிக்குழியும் சிவந்து புடைத்து நிற்பதைப் பாருங்கள். அத்தனையும் திறந்த வாய்கள். அதில் வியர்வையும் அழுக்கும் இறங்கினால் சீழ்க்குருக்கள் வரும், ஆறும்போது நம் நிறத்தில் கறுப்புப் புள்ளிகளாகப் பல மாதம் நிற்கும். ஒரே குச்சியை ஒருவர் தோலில் வைத்து, மறுபடி மெழுகுச் சட்டியில் முக்கி எடுக்கும் இடத்தில் உட்காரவே கூடாது. பயர் ஆபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் முந்தின நாள் கையில் வாக்ஸ் செய்ய வேண்டாம். கந்தகமும் வெடியுப்பும் கலந்த மருந்துத் தூசி அந்தத் தோலில் பட்டால் எரிச்சல் தாங்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கி, சிவப்பழகுக்காக முகத்தில் தடவும் ஸ்டீராய்டு கிரீம்கள் தோலை மெலியவைக்கும், முகத்தில் முடியையும் வளர்க்கும். அந்த முடியை எடுக்க மெலிந்த அதே தோலில் மெழுகு போட்டால் தோலே உரிந்து வரும். இப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் கேட்டு முதலில் கிரீமை நிறுத்த வேண்டும்.

புருவத்துக்கும் மேலுதட்டுக்கும் திரெடிங் நல்ல முறைதான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு எடுப்பவரிடம் மட்டும் கழுத்தில் மாட்டி எடுக்கச் சொல்லுங்கள். எச்சில் பட்ட நூலும் பழைய நூலும் வேண்டாம். முடி நீக்கும் கிரீம் கடுமையான காரம், முடியின் புரதத்தைக் கரைப்பதுதான் அதன் வேலை. தோலும் அதே வகைப் புரதம் என்பதால், கையில் ஓரிடத்தில் போட்டு ஒரு நாள் பார்த்த பிறகே மற்ற இடத்துக்குப் போகலாம்.

லேசர் நிரந்தரம் என்று விளம்பரம் சொல்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குத் தந்திருக்கும் சொல் 'நிரந்தரக் குறைப்பு' என்பதுதான். முடியின் கறுப்பு நிறமியைத் தேடிச் சுடுவது லேசர், நம் தோலிலும் அதே நிறமி உண்டு. அதனால் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரே நமக்கு அதிகப் பாதுகாப்பானது. தோல் மருத்துவர் கையில், ஆறு எட்டு முறை, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு, வெயிலுக்கு ஒதுங்கிச் செய்ய வேண்டும். காட்டு வேலைக்கும் பயர் ஆபீஸுக்கும் போகிறவர்களுக்கு அந்த ஒதுங்கல் எப்படிக் கிடைக்கும்? நரைமுடியில் அது வேலை செய்யாது. முகத்தில் சிலருக்கு முடியைக் கூட்டியும் விட்டிருக்கிறது.

ஆக, கைக்கும் காலுக்கும் அக்குளுக்கும் என் தீர்ப்பு ரேசருக்கே. இரண்டு மூன்று நாளில் சொரசொரப்பு திரும்பிவிடும், அவசரப்பட்டால் கீறும். அதை ஒப்புக்கொள்கிறேன். இரவில் குளித்ததும், நுரை போட்டு, முடி சாயும் திசையிலேயே இழுங்கள். உங்களுக்கென்று தனி ரேசர் வேண்டும். கணவர் பிளேடைத் தொடாதீர்கள், ரத்தம் வழியே ஹெபடைடிஸ் பி பரவும். அக்குளும் பின்கழுத்தும் வெல்வெட் மாதிரித் தடித்துக் கறுத்தால் பிளேடைக் குறை சொல்லாதீர்கள், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். பிரசவத்துக்குப் போகும்போது மட்டும் மழிக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது.

ஒன்றுமே எடுக்காமல் இருப்பதும் உடம்புக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று பதினெட்டு வயசுப் பிள்ளையை வாக்ஸ் சட்டி முன்னால் உட்காரவைக்கும் அம்மாக்கள் இதை மனசில் வைக்க வேண்டும். ஆனால் தாடையிலும் மார்பிலும் கட்டையான முடி முளைத்து, மாதவிலக்கும் தள்ளிப்போனால் பார்லர் வாசலை மிதிக்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. விருதுநகரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இங்கிருந்து பஸ் இருக்கிறது. கூச்சப்படாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.