கட்டளை குறையக் குறையத் தேர்ச்சி

நாய் பழக்கும் கலையின் உச்சத்தை ரசிக்க வேண்டுமென்றால் பிரிட்டனின் மலைச்சரிவுகளில் நடக்கும் ஆட்டுநாய்ப் போட்டிகளைப் பார்க்க வேண்டும். 1873-இல் வேல்ஸின் பாலா என்ற ஊரில் நடந்த போட்டியிலிருந்து அவற்றின் வரலாற்றைச் சொல்வார்கள். இன்றைய பெரிய போட்டிகளில் மேய்ப்பவர் ஒரு கம்பத்தருகே நிற்பார். ஆடுகள் சுமார் 400 கெஜத்துக்கு அப்பால் நிற்கும். பார்டர் கோலி நாய் அவற்றை மிரளவிடாமல் அகலமாக வளைந்து ஓடிப் பின்பக்கம் போய்ச் சேர வேண்டும். 100 மதிப்பெண்ணில் இந்த ஓட்டத்துக்கு மட்டும் 20. நாயை ஏவிவிட்ட பிறகு அதன் வழியைத் திருத்த மேய்ப்பவர் குரலோ சீழ்க்கையோ கொடுத்தால் மதிப்பெண் குறையும். அந்த விதியில் ஒரு தெளிவான கொள்கை இருக்கிறது. எத்தனை கட்டளைக்கு நாய் பணிகிறது என்பதைவிட, எத்தனை கட்டளை தேவைப்படாமல் போகிறது என்பதே பழக்கியவரின் திறமைக்கு அளவு. வீட்டில் துணைக்கு வளர்க்கும் நாய்க்கும் இதே அளவுகோல் பொருந்தும் என்பேன்.

இந்தத் திறமை எப்படி வருகிறது? ஓநாயின் வேட்டையில் உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கடிப்பது, கொல்வது என்று படிகள் உண்டு. கோலியில் முதல் படிகள் கூர்மையாகவே இருக்கின்றன; கடைசிப் படிகள் மங்கிவிட்டன. கூடவே, ஆடுகளுக்கு அந்தப் பக்கம், மேய்ப்பவருக்கு நேர் எதிரே போய் நிற்கும் உந்துதலும் அதற்கு உண்டு. பழக்குபவர் இதைத்தான் முதலாகப் போடுகிறார். சின்ன அடைப்புக்குள் சாதுவான சில ஆடுகளை விட்டு, அவர் ஒரு பக்கம் நகர்கிறார். எதிர்ப்பக்கம் போய்ச் சேர நாய் தானாகவே வளைந்து ஓடுகிறது. கடிகாரம் சுற்றும் திசையில் ஓடும்போது ‘கம் பை’ என்கிறார், மறு திசையில் ஓடும்போது ‘அவே’ என்கிறார். செயல் முந்தி வருகிறது, சொல் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. இதற்குக் கூலியாக ரொட்டித் துண்டு எதுவும் இல்லை. பாய்ந்து வந்தால் அவர் குறுக்கே நின்று மறிக்கிறார், நிதானப்பட்டால் வழிவிடுகிறார். ஆட்டை நெருங்கக் கிடைக்கும் அனுமதியே நாய்க்குப் பரிசு.

இந்தக் கலையின் அழகு முழுதும் திரண்டு நிற்கும் ஒரு கணம் உண்டு. பின்பக்கம் வந்து சேர்ந்த நாய் ஆடுகளை முதன்முதலாக அசைக்கும் அந்தக் கணத்துக்கு 10 மதிப்பெண். நாய் தலையைத் தோளுக்குக் கீழே தாழ்த்தி, ஒரு முன்னங்கால் தரையில் படாமல் அப்படியே நிற்கிறது. ஆடுகள் தலை தூக்கிப் பார்க்கின்றன. நாய் ஓர் அடி வைக்கிறது. ஓர் ஆடு திரும்புகிறது, மற்றவை அதன் பின்னே நடக்கின்றன. அவை தெறித்து ஓடினால் வேலை கெட்டது. நகராமல் நின்றாலும் கெட்டது. எந்த ஆடு முரண்டு பிடிக்கப்போகிறது என்பது 400 கெஜம் தள்ளி நிற்கிற மனிதருக்குத் தெரியாது. அதைக் கணிப்பது நாய். அந்தக் கணிப்பைக் கெடுக்காமல் வளர்த்தெடுத்ததில்தான் பழக்கியவரின் கைவண்ணம் தெரிகிறது.

இதெல்லாம் பிறவிக் குணம், பழக்கத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. இன்றைய பார்டர் கோலிகளில் மிகப் பெரும்பாலானவை 1893-இல் நார்த்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் வளர்த்தெடுத்த ‘ஓல்ட் ஹெம்ப்’ என்ற நாயின் வழியில் வந்தவை. ஆனால் அதே வம்சத்துக் குட்டி பழக்கப்படாமல் வளர்ந்தால் சைக்கிளையும் காரையும் துரத்தும், ஓடுகிற குழந்தையை வளைக்கும். ரத்தம் ஆசையைத் தருகிறது. அதற்கு அளவைத் தருவது பழக்கம். எல்லா நாய்க்கும் இப்படி ஏதோ ஓர் ஆசை உண்டு. சிப்பிப்பாறைக்கு ஓட்டம், லேப்ரடாருக்குக் கவ்வி வருவது, இன்னொன்றுக்கு மோப்பம். ஒரு பிராணி மிகவும் விரும்பிச் செய்வதையே, அவ்வளவாக விரும்பாததைச் செய்ததற்குப் பரிசாக்கலாம் என்று உளவியலாளர் டேவிட் பிரீமாக் 1959-இல் எழுதினார். வாரை இழுக்கிற நாயோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இழுத்தால் நில்லுங்கள், வார் தளர்ந்ததும் அது போக விரும்பிய மரத்தடிக்கே கூட்டிப்போங்கள். கோலிக்கு ஆடு எதுவோ, இதற்கு அந்த மரத்தடி அது.

எஜமான் யார் என்று அடித்து உணர்த்தாவிட்டால் நாய் தலைக்கேறிவிடும் என்பது அடுத்த வாதம். ஓநாய்க் கூட்டத்தில் தலைமைக்கு ஓயாத சண்டை நடக்கிறது என்ற கருத்து இதற்குத் துணையாக வரும். அது, அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் எழுதியதிலிருந்து பரவியது. காட்டில் வாழும் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பமே என்று 1999-இல் டேவிட் மெக் விளக்கிவிட்டார். அடிக்குப் பயந்த நாய் அமைதியாக இருக்கும், உண்மைதான். ஆனால் தப்பு செய்துவிடுவோமோ என்று அது எதையுமே முயன்று பார்க்காது. முயலாத நாயிடம் கணிப்பு வளராது. அடிக்காமல் பழக்குவதால் கட்டுப்பாடு தளர்ந்துவிடுவதும் இல்லை. ஆட்டின் மீது கண் வைத்து ஓடும் கோலி ஒரே சீழ்க்கையில் படுத்துவிடுகிறதே, அதைவிடக் கண்டிப்பான ஒழுங்கு எங்கே இருக்கிறது?

வேலை முடிந்ததும் மேய்ப்பவர் ‘தட் வில் டூ’, போதும் வா, என்கிறார். உலகிலேயே தனக்கு மிகப் பிடித்ததை விட்டுவிட்டு நாய் திரும்பி வருகிறது. இன்றைக்கு விட்டுக்கொடுத்தது நாளைக்கு மறுபடி கிடைக்கும் என்று இத்தனை நாள் பழக்கம் அதற்குக் காட்டியிருப்பதால் வருகிறது. நல்ல துணையாக ஒரு நாய் வேண்டும் என்பவர் உட்கார், நில் என்று சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் தாம் ஒரு பாடம் படிக்க வேண்டும்: தம் நாய் எதற்காகத் துடிக்கிறது என்று கூர்ந்து பார்க்க வேண்டும். அதைக் கண்டுகொண்டு, தம் கையால் அளந்து கொடுக்கத் தெரிந்தவரை நாய் தானாகவே நாடி வரும்.