கழுத்துக்கு மேலே நார்வே

தங்கை மகளுக்கு ஆறு வயசு முடிந்தது. நங்கநல்லூரில் ஒரு மினி ஹால். நீல பலூன், பனித்துளி டிசைன் போட்ட கேக், ஏ.சி. இருந்தும் வேர்வை. சரியாக ஆறரை மணிக்கு லைட்டை டிம் பண்ணினார்கள். கதவைத் திறந்துகொண்டு எல்சா வந்தாள். 2013-ல் வந்த 'ஃப்ரோஸன்' படத்தின் எல்சா. அக்னி நட்சத்திரத்தில் பனி ராணி!

ராணியா, இளவரசியா என்று சண்டைக்கு வராதீர்கள். முடிசூட்டும் வரை இளவரசி, அப்புறம் ராணி. பர்த்டே பார்ட்டி ரேட் கார்டில் எல்லோரும் 'பிரின்சஸ்'தான்.

முப்பது குழந்தைகள் 'ஹே...' என்று ஓடின. முதலில் போய்ச் சேர்ந்த நாலு வயசு வாண்டு அண்ணாந்து பார்த்துச் சொன்னது:

"அக்கா, மூஞ்சில மாவு ஒட்டிருக்கு."

சபா நாடகங்களுக்கு வருஷக்கணக்கில் விமர்சனம் எழுதியவன் நான். மார்க் போட்டே பழகிய கை. ஆனால், இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக ஒரு வரி எழுதியதில்லை.

வாண்டு சொன்னது நிஜம். கழுத்துக்கு மேலே நார்வே, கழுத்துக்குக் கீழே நாங்குநேரி. தாடையோரம் கோடு கிழித்த மாதிரி வெள்ளை நின்றுவிட்டது. காது மடல் சொந்த நிறம். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் தெரிந்த இரண்டு இஞ்சும் சொந்த நிறம். வெள்ளி நிற விக்குக்குக் கீழே காதோரக் கறுப்பு முடி எட்டிப் பார்த்தது.

அதற்காக அந்தப் பெண்ணுக்குத் தொழில் தெரியாது என்று நினைத்தால் தப்பு. கண்ணைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கார்ட்டூன் இளவரசிகளுக்குக் கண் பாதி முகத்துக்கு இருக்கும். மனுஷக் கண்ணை அந்த சைஸுக்குக் கொண்டுவர ஒரு வித்தை உண்டு. கீழ் இமையின் உள்விளிம்பில் வெள்ளைப் பென்சில் இழுத்து, மையை இமை ரோமத்துக்குக் கொஞ்சம் கீழே தள்ளிப் போடுவது. வெள்ளை, கண்ணின் வெள்ளையோடு சேர்ந்துகொள்ளும். கண் சட்டென்று பெரிசாகிவிடும். பொய் இமையை வெளி ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தாள். ஒன்றுகூடக் கோணவில்லை. ஜிகினாவும் கைவினைக் கடைச் சரக்கு இல்லை, கண் பக்கத்தில் போடுவதற்கென்றே செய்த பொடி ரகம். குழந்தைகள் இழுக்கும், தேய்க்கும் என்று யோசித்திருக்கிறாள். கண்ணுக்குப் பத்துக்கு ஒன்பது தாராளமாகப் போடலாம்.

பிரச்னை, மேடைக்கான மேக்கப்பை மடிக்குக் கொண்டுவந்தது.

மேடை மேக்கப் பிறந்ததே தூரத்துக்காக. 1873-ல் லுட்விக் லைஷ்னர் என்கிற ஜெர்மன் ஆப்பரா பாடகர் குச்சி குச்சியாக, நம்பர் போட்ட கிரீஸ் பெயின்ட் செய்து விற்க ஆரம்பித்தார். அதற்கு முன்னால் ஈயம் கலந்த வெள்ளையைப் பூசிப் பூசி நடிகர்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்து நாடகக்காரர்களுக்கு அஞ்சாம் நம்பரையும் ஒன்பதாம் நம்பரையும் கலந்தால் அன்றைய முகம் ரெடி. நம்ம ஊர்க் கூத்திலும் அதே கணக்குதான். 'அரிதாரம்' என்பது ஒரு மஞ்சள் கல்லின் பேர். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கடைசியில் துண்டை விரித்துப் படுத்திருப்பவருக்கும் ராஜா யார், ராட்சசன் யார் என்று தெரிந்தாக வேண்டும். அதனால் கனமாகப் பூசினார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். கிட்டே யார் போனார்கள்?

பர்த்டே பார்ட்டியில் கிட்டே மட்டும்தான் போவார்கள். ஒன்று மடியில் உட்காரும். ஒன்று கன்னத்தை விரலால் தேய்த்துப் பார்க்கும். ஒன்று கட்டிப்பிடித்துவிட்டுப் போகும்போது பாதி எல்சா அதன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். போதாததற்கு, நம் கையில் போன். வெள்ளைப் பவுடர்களில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடு ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அன்று எடுத்த போட்டோக்களில் எல்சா முகம் டியூப்லைட். பக்கத்தில் நிற்கும் எங்கள் குழந்தை முகம் முகமாகவே இருக்கிறது.

அங்கே தேவைப்பட்டது மெல்லிசான ஒரு பூச்சு. தோலின் நிறத்தில். அதன் மேல் அந்தக் கண், உதட்டில் கொஞ்சம் ரோஸ், இடது தோளில் விழும் பின்னல், நீல கவுன். தீர்ந்தது. குழந்தைக்கு எல்சா என்றால் பின்னலும் கவுனும்தான்.

'எல்சா வெள்ளைக்காரியாச்சே ஸார்' என்பீர்கள். டி.கே.சண்முகம் நரைத்த தலையோடு கோலூன்றி வந்தபோது ஜனங்கள், 'ஐயோ, இவர் ஆம்பளையாச்சே' என்றா எழுந்து போனார்கள்? ஔவையார் என்று நம்பினார்கள். கடைசியில் 'அவ்வை' என்பது அவர் பேரோடேயே ஒட்டிக்கொண்டது. ஆணைப் பாட்டியாக ஏற்றுக்கொண்ட ஊர், மாநிறத்தை ராணியாக ஏற்றுக்கொள்ளாதா?

அமெரிக்காவிலேயே 1997-ல் டி.வி.க்காக எடுத்த 'சிண்ட்ரெல்லா'வில், பிராண்டி என்கிற கறுப்பினப் பாடகிதான் சிண்ட்ரெல்லா. வரம் கொடுக்கிற தேவதை விட்னி ஹூஸ்டன். அதிலும் சிண்ட்ரெல்லா பேரிலேயே சாம்பல் இருக்கிறது. அடுப்படிச் சாம்பல் அப்பிய முகம் என்பதுதான் கதையே. அவளுக்கும் இங்கே ரெண்டு கோட்டிங் வெள்ளை அடித்து அனுப்புகிறார்கள். பேரிலேயே வெள்ளையை வைத்திருப்பவள் ஸ்நோ ஒயிட் ஒருத்திதான். அவளை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

கேக் வெட்டியாயிற்று. எல்சா பின்கட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து, லிப்ஸ்டிக் கலையாமல் சமோசாவைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். சனி, ஞாயிறு இந்த வேலை. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், முகத்துக்கு மட்டும் ஏன் வெள்ளை என்று.

"கழுத்துக்கும் போட்டா கவுன் காலர்ல ஒட்டிக்கும் சார். கவுன் வாடகை. கறையாச்சுன்னா அட்வான்ஸ்ல பிடிப்பாங்க. மேக்கப் சாமான் என் காசு. கைக்கும் கழுத்துக்கும் போட்டா சீக்கிரம் காலியாயிடும்."

பி.காம். படித்த மூளைக்கு அப்போதுதான் உறைத்தது. தாடையில் நின்ற அந்தக் கோடு, அவள் பட்ஜெட் நின்ற இடம்.

"அப்ப உங்க ஷேட்லயே போட்டுக்கலாமே?"

"ஒரு தடவ போட்டேன் சார். நல்லா வந்துச்சு. பசங்க என்னை வீட்டுக்கே போக விடல. ஆனா புக் பண்ணினவங்க, 'போட்டோல பார்த்த மாதிரி இல்லையே'ன்னு பேலன்ஸைக் குறைச்சுட்டாங்க. இப்பல்லாம் மெசேஜ்லயே போட்டுடறாங்க சார். இதுலயும் இருந்துச்சே..."

போனைத் திறந்து காட்டினாள். ஏற்பாடு செய்பவர் அவளுக்கு ஃபார்வர்ட் செய்திருந்த மெசேஜ். தேதி, ஹால் அட்ரஸ், 'எல்சா, ரெண்டு மணி நேரம்'. கடைசி வரி, 'நல்ல ஃபேரா இருக்கணும்'.

அட்வான்ஸ் அனுப்பியது நான். தங்கை டைப் பண்ணிக் கொடுத்ததை அப்படியே என் போனிலிருந்து தட்டிவிட்டதும் நான். கடைசி வரி வரைக்கும் படிக்கவில்லை என்று சொல்லலாம். படித்திருந்தால் அழித்திருப்பேனா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதெல்லாம் அந்த வரி இல்லாமல் பேச்சே ஆரம்பித்ததில்லை. '2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி பேரை மாற்றிவிட்டார்கள், காலம் திருந்திவிட்டது' என்று இதே பக்கத்தில் எழுதியவனும் நான்தான்.

பேலன்ஸோடு கொஞ்சம் கூடச் சேர்த்துக் கொடுத்தேன். "கவுன் கறைக்கா சார்?" என்று கேட்டுச் சிரித்தாள். ஆட்டோவில் ஏறும் முன் விக்கைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தங்கை வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பிறந்த நாள் குழந்தை, எங்கள் குடும்பத்து நிறம், நல்ல கருப்பட்டி நிறம், டால்கம் பவுடர் டப்பாவோடு வந்து நின்றது. மூக்கு, நெற்றி, கன்னமெல்லாம் வெள்ளை.

"மாமா, கழுத்துக்கு எனக்கு எட்டல. நீ போட்டு விடு. இல்லன்னா மாவு மாதிரி இருக்கும்."